அந்த மெயிலை யார் படிக்கிறார்கள்?

பெரிய சாஃப்ட்வேர் கோளாறு ஏதாவது செய்தியில் வந்தால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை, வயிற்றைத்தான் பிசைகிறது. உறவினர்கள் குழுவில் யாராவது, விண்டோஸ் படுத்தால் வருமே, அந்த நீலத்திரைப் படத்தைப் போட்டு "உங்க ஆளுங்க பண்ணி வெச்சிருக்கிற வேலையைப் பாரு" என்பார்கள், நான் ஒரு சிரிப்பு பொம்மையைப் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்வேன். காரணம் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருடம் டேட்டாபேஸில் பதிவுகளை அடுக்கி வைத்திருக்கும் ஒரு டேபிளை முழுதாக என் கையாலேயே அழித்திருக்கிறேன். டெஸ்ட் சர்வரில் இல்லை, மக்கள் பயன்படுத்திக்கொண்டிருந்த சர்வரில்.

ஒரு வாடிக்கையாளரின் கணக்கில் ஒரே முன்பதிவு மூன்று தடவை விழுந்திருந்தது. அந்த நகல்களை மட்டும் எடுத்துவிட வேண்டும், ஐந்து நிமிட வேலை. சாயங்காலம், வீட்டுக்குக் கிளம்பும் நேரம், பையை எல்லாம் மூடி வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். முதல் வரியில் டெலீட், அடுத்த வரியில் எந்தெந்தப் பதிவுகள் என்று சொல்லும் வேர் (where) நிபந்தனை. சரியாகத்தான் எழுதியிருந்தேன், அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை. ஆனால் ஓட்டுவதற்காக மவுஸால் இழுத்தபோது முதல் வரி மட்டும்தான் நீலமாகியிருக்கிறது, நான் கவனிக்கவில்லை. பல டேட்டாபேஸ் கருவிகளில் ஒரு பழக்கம் உண்டு. திரையில் எவ்வளவு எழுதியிருந்தாலும் தேர்ந்தெடுத்த பகுதியை மட்டும்தான் ஓட்டும். அது வசதிக்காக வைத்தது, மற்ற நாட்களில் நானே அதைப் பாராட்டியிருக்கிறேன்.

வேர் இல்லாத டெலீட், அதாவது டேபிள் முழுக்க. தமிழில் சொன்னால் இன்னும் கச்சிதமாக இருக்கிறது.

எண்ணிக்கையைப் பார்ப்பதற்கு முன்பே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது, நேரத்தை வைத்து. இரண்டு பதிவுகளை அழிக்கும் வேலை கண் இமைப்பதற்குள் முடிந்திருக்க வேண்டும். அந்தக் குட்டிச் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஒரு விநாடி, இரண்டு, நான்கு. பக்கத்திலேயே சிவப்பாக நிறுத்தும் பொத்தான் இருந்தது, அதை அப்போது அழுத்தியிருந்தால் அழிந்தவரை எல்லாம் பழையபடி திரும்பியிருக்கும், ஆனால் கை நகரவில்லை. பிறகு கீழே ஒரு வரி வந்தது: 4,12,386 பதிவுகள் நீக்கப்பட்டன. ஆட்டோ கமிட் ஆன், அதாவது செய்த மாற்றம் கேட்காமலேயே நிரந்தரமாகிவிடும்.

அடுத்த 11 நிமிடம் நான் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. டேபிளை அழித்ததைவிட இதைத்தான் நான் பெரிய தப்பாக நினைக்கிறேன். தேடிப் பார்த்தேன், "கமிட் செய்ததைத் திரும்ப எடுப்பது எப்படி" என்று நாலு விதமாகக் கேட்டுப் பார்த்தேன். அந்த நேரத்தில் சர்வர் சும்மா இல்லை. மக்கள் உள்ளே வந்து தங்கள் முன்பதிவைத் தேடுகிறார்கள், காணோம் என்றதும் புதிதாகப் பதிவு செய்கிறார்கள், காலி டேபிளில் புதுப் பதிவுகள் விழுகின்றன. அந்த 11 நிமிடத்தில் விழுந்ததைப் பிரித்தெடுக்கவே பிற்பாடு அரை நாள் போனது. எங்கள் டீம் லீடிடம் போய்ச் சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வி "எப்போ?" என்பதுதான். ஏன், எப்படி, யார் என்று கேட்கவில்லை. "சரி, முதல்ல யாரும் எழுத முடியாதபடி மூடுவோம், மத்ததெல்லாம் அப்புறம்" என்று பராமரிப்புப் பக்கத்தைப் போட்டார். அவருக்கு என் வாழ்நாள் முழுக்கக் கடன்பட்டிருக்கிறேன்.

ரெப்ளிகா சர்வர் ஒன்று இருந்தது. ஆனால் ரெப்ளிகா என்பது நாம் செய்யும் எல்லாவற்றையும் உடனுக்குடன் செய்து காட்டும் பிள்ளை, இங்கே அழித்தால் அடுத்த விநாடி அங்கேயும் அழியும். டிஸ்க் செத்துப்போனால் ரெப்ளிகா காப்பாற்றும், மனிதன் தப்பு செய்தால் காப்பாற்றாது. பாதிப் பேர் இதை அடிபட்டுத்தான் தெரிந்துகொள்கிறார்கள், நானும்.

பேக்கப் இருந்தது. தினமும் ராத்திரி 2 மணிக்கு ஓடும் ஸ்கிரிப்ட், அந்தந்தத் தேதியில் ஒரு கோப்பு, வரிசையாக 30 கோப்புகள். பார்த்ததும் உயிர் வந்தது. லீட்தான் அந்தப் பட்டியலை இன்னொரு தடவை பார்த்துவிட்டு, பேசாமல் திரையில் அளவு காட்டும் நெடுவரிசையை விரலால் தொட்டுக் காட்டினார். 20 பைட், 20 பைட், 20 பைட். ஒன்றுமில்லாததை ஜிஜிப்பில் சுருக்கினால் வரும் அளவு அது, வெறும் உறை. 23 நாளைக்கு முன்னால் பாதுகாப்புக் காரணத்துக்காக எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்றியிருந்தார்கள், இந்த ஸ்கிரிப்டில் மாற்ற மறந்துவிட்டார்கள். அதுவும் தினமும் கதவைத் தட்டிப் பார்த்து, திறக்கவில்லை என்றதும் காலிக் கோப்பு ஒன்றை எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறது. 30 நாளைக்கு மேல் பழையதை அழிக்கும் வேலையை மட்டும் ஒழுங்காகச் செய்துவந்திருக்கிறது. இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் கடைசி நல்ல பேக்கப்பும் போயிருக்கும்.

அந்த ஸ்கிரிப்ட் குறை சொல்லாமலும் இல்லை. ஒவ்வொரு நாளும் மெயில் அனுப்பியிருக்கிறது. அதை எழுதியவர் வேலையை விட்டுப் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது, மெயில் அவருடைய பெட்டிக்குப் போய்க்கொண்டிருந்தது. பிற்பாடு அனுமதி வாங்கி அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்தோம். ஒரே தலைப்பில் 23 மெயில்கள், எல்லாம் தடித்த எழுத்தில், படிக்கப்படாமல்.

இந்த இடத்தில்தான் எனக்குள் ஏதோ மாறியது. அதற்குப் பிறகு பெரிய கோளாறுகளைப் பற்றி எந்த அறிக்கை வந்தாலும் அதில் முதலில் தேடுவது அந்த மெயிலைத்தான். பல தடவை கிடைத்தும் விடுகிறது.

2012 ஆகஸ்ட் 1 அன்று நைட் கேப்பிட்டல் என்ற அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனம் 45 நிமிடத்தில் 44 கோடி டாலருக்கு மேல் இழந்தது. எட்டு சர்வர்களில் ஏழில் புது நிரலைப் போட்டவர்கள் எட்டாவதில் போட மறந்துவிட்டார்கள். எட்டாவதில் வருடக்கணக்கில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு பழைய நிரல் விழித்துக்கொண்டு ஆர்டர்களை அள்ளி வீசியது. இது எல்லோருக்கும் தெரிந்த கதை. பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பின் உத்தரவில் இருக்கும் இன்னொரு தகவல்தான் என்னைத் தூங்கவிடவில்லை. சந்தை திறப்பதற்கு முன்பே நைட் கேப்பிட்டலின் உள்கணினி அமைப்பு ஒன்று 97 மெயில்களைத் தானாக அனுப்பியிருக்கிறது, பழைய நிரலின் பெயரையே சொல்லி. அவை எச்சரிக்கை என்ற வகையில் வடிவமைக்கப்பட்டவை அல்ல, வந்ததும் யாரும் பார்க்கவில்லை. இன்னொரு விஷயமும் உண்டு. பதற்றத்தில் புது நிரல்தான் கோளாறு என்று நினைத்து மற்ற ஏழு சர்வர்களிலிருந்தும் அதை எடுத்துவிட்டார்கள், அதனால் நிலைமை இன்னும் மோசமானது. என்னுடைய 11 நிமிடத்தை நினைத்துக்கொண்டேன்.

2017 ஜனவரி 31 அன்று, நிரலாளர்கள் தங்கள் நிரலை வைத்துப் பராமரிக்கும் தளமான கிட்லேபில் நடந்தது கிட்டத்தட்ட என் கதையேதான், அளவுதான் பெரிது. ராத்திரி நேரம், களைத்துப்போன ஒரு பொறியாளர், இரண்டாவது டேட்டாபேஸ் சர்வரில் அழிக்க நினைத்ததை முதன்மை சர்வரில் அழித்துவிட்டார். சில விநாடிகளில் புரிந்து நிறுத்தினார், அதற்குள் 300 ஜிபி அளவில் இருந்தது 4.5 ஜிபி ஆகிவிட்டது. பேக்கப் எங்கே என்று போனால் அது பல நாளாக எடுக்கப்படவே இல்லை. காரணம், பேக்கப் கருவியின் பதிப்பும் டேட்டாபேஸின் பதிப்பும் வேறு வேறு. தோல்வி என்று சொல்லும் மெயில்கள்? அனுப்பப்பட்டன, ஆனால் முறையான கையொப்பம் இல்லாததால் பெறும் பக்கத்து மெயில் சர்வர் நிராகரித்துவிட்டது. அதே பொறியாளர் சம்பவத்துக்கு ஆறு மணி நேரம் முன்னால் வேறு ஒரு வேலைக்காக எடுத்த ஸ்னாப்ஷாட்தான், அதாவது அந்த நேரத்து நிலையின் நகல்தான், கடைசியில் காப்பாற்றியது. அவர்கள் செய்ததில் நான் மிகவும் மதிப்பது, மீட்கும் வேலையை யூடியூபில் நேரலையாகக் காட்டினார்கள், நடந்ததை ஒளிக்காமல் எழுதி வெளியிட்டார்கள். நான் 11 நிமிடம் வாயை மூடிக்கொண்டிருந்தவன், எனக்கு அந்தத் துணிச்சல் எவ்வளவு என்று தெரியும்.

இப்படிப்பட்ட செய்தி வந்தால் உடனே "யாரோ புதுசா சேர்ந்த பையன் பண்ணியிருப்பான்" என்று ஒரு கூட்டம் கிளம்பும். 2024 ஜூலை 19 அன்று கணினிப் பாதுகாப்பு நிறுவனமான கிரவுட்ஸ்ட்ரைக் அனுப்பிய ஒரு அப்டேட்டால் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் படுத்தபோதும் அதே பேச்சுதான். அங்கே நடந்தது என்ன? ஒரு பக்கம் 21 உள்ளீடு வரும் என்று எழுதியிருக்கிறது, இன்னொரு பக்கம் 20தான் கொடுக்கிறது, இல்லாத 21ஆவதைப் படிக்கப் போய் நீலத்திரை. இந்த மாதிரி ஒன்று குறைந்த தப்பை வாரத்துக்கு ஒரு தடவை நானே செய்கிறேன். தப்பு நடக்கும், அதை ஒரே நேரத்தில் உலகம் முழுவதற்கும் அனுப்பியதுதான் கேள்வி. முதலில் ஆயிரம் கணினிகளுக்கு அனுப்பி ஒரு மணி நேரம் காத்திருந்தால் ஆயிரத்தோடு போயிருக்கும். தவறான கோப்பை 78 நிமிடத்தில் திரும்ப எடுத்துவிட்டார்கள், ஆனால் படுத்துவிட்ட கணினிக்கு அது போய்ச் சேராதே. ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு ஆள் உட்கார்ந்து சேஃப் மோடில் ஏற்றி அந்தக் கோப்பை அழிக்க வேண்டியிருந்தது. என் நண்பன் ஒருவன் அந்த வார இறுதி முழுக்க அதைத்தான் செய்தான், அது வெள்ளிக்கிழமை என்பதை இன்னும் சொல்லிக்காட்டுகிறான்.

வெள்ளிக்கிழமை புது வெளியீடு கூடாது என்ற விதி பற்றி ஊருக்கு ஒரு கருத்து. என் கருத்து, வெள்ளிக்கிழமை போடப் பயம் என்றால் செவ்வாய்க்கிழமையும் பயப்பட வேண்டும், கோளாறு கிழமை பார்த்து வருவதில்லை. இருந்தாலும் நான் வெள்ளிக்கிழமை போடமாட்டேன். கொள்கை வேறு, சனிக்கிழமைத் தூக்கம் வேறு.

சரி, என் கதைக்கு வருகிறேன். 23 நாள் பழைய பேக்கப்பை ஏற்றினோம். அதற்குப் பிறகான பதிவுகளுக்கு அப்ளிகேஷன் லாக்தான் கதி. ஒவ்வொரு கோரிக்கையையும் லாகில் எழுதுவது வீண் என்று அதற்கு முந்தின மாதம்தான் கூட்டத்தில் வாதாடியிருந்தேன். அந்த லாகை வரிவரியாகப் படித்து அதே கோரிக்கைகளை மறுபடி ஓட்ட ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். முதல் தடவை ஓட்டியதில் ரத்து செய்யப்பட்ட முன்பதிவுகள் எல்லாம் உயிரோடு எழுந்து வந்துவிட்டன, ரத்து கோரிக்கை வேறு வடிவத்தில் பதிவாகியிருந்ததை நான் பார்க்கவில்லை. மூன்றாவது தடவைதான் சரியாக வந்தது. மறுநாள் மதியம் தளத்தைத் திறந்தோம். 261 பதிவுகள் மட்டும் எங்கேயும் இல்லை, உதவி மையத்து ஆட்கள் தொலைபேசியில் கேட்டு நேரடியாக உள்ளிட்டவை, அந்தத் திரை லாக் எழுதாது.

அந்த 261 பேரையும் கூப்பிட்டுக் கேட்பது என்று முடிவானது. 40 பேரை நான் எடுத்துக்கொண்டேன், யாரும் சொல்லவில்லை, ஆனால் எப்படி எடுக்காமல் இருப்பது. என்ன சொல்வது என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டேன். முதல் ஐந்து பேர் திட்டினார்கள், அதில் ஒருவர் திட்டிக்கொண்டே தேதியையும் சொன்னார். ஆறாவது ஒரு பெரியவர். நான் மன்னிப்பு கேட்டு முடிப்பதற்குள் "ஒரு நிமிஷம் இருங்க தம்பி, கண்ணாடியை எடுத்துக்கிறேன்" என்றார். டைரியின் பக்கங்கள் புரளும் சத்தம் கேட்டது. தேதி, நேரம், முன்பதிவு எண், போனில் பேசிய பெண்ணின் பெயர் வரைக்கும் நிதானமாகப் படித்தார். முடித்துவிட்டு "நான் எல்லாத்தையும் எழுதி வெச்சுக்குவேன் தம்பி, கம்ப்யூட்டரை நம்ப முடியாது பாருங்க" என்றார். ஆமாம் சார் என்றேன், வேறென்ன சொல்ல. எங்களிடம் இருந்த எல்லாவற்றையும்விட நல்ல பேக்கப் அவருடையதுதான், அதைத் திரும்பப் படித்தும் பார்த்துவிட்டார்.

அதற்குப் பிறகு என் கைப்பழக்கம் நிறைய மாறிவிட்டது. வேர் நிபந்தனையை முதலில் எழுதிவிட்டுத்தான் மேலே போய் டெலீட் எழுதுவேன், அதுவும் முதலில் செலக்ட் என்று எழுதி எத்தனை பதிவு வருகிறது என்று எண்ணிப் பார்த்த பிறகு. கைமுறையாக எதைத் தொட்டாலும் முதல் வரி பிகின், அது இருந்தால் நான் சொல்லும்வரை எதுவும் நிரந்தரமாகாது. ஓட்டியதும் எண்ணிக்கை நினைத்தபடி இருந்தால்தான் கமிட், இல்லையென்றால் ரோல்பேக், பழையபடி ஆகிவிடும். உண்மையான சர்வரின் ஜன்னலுக்குச் சிவப்புப் பின்னணி போட்டிருக்கிறேன், பார்க்கக் கண்ணை உறுத்தும், உறுத்தத்தான் வேண்டும். மையெஸ்க்யூஎல் டேட்டாபேஸ் பயன்படுத்துபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சாவி நிபந்தனையோ வரம்போ இல்லாத டெலீட்டையும் அப்டேட்டையும் ஏற்க மறுக்கும் சேஃப் அப்டேட்ஸ் என்று ஒரு விருப்பம் அதில் உண்டு. அதே விருப்பத்துக்கு இன்னொரு அதிகாரபூர்வப் பெயரும் உண்டு: ஐ ஆம் எ டம்மி, அதாவது நான் ஒரு மக்கு. கூச்சப்படாமல் போட்டுக்கொள்ளுங்கள், நான் போட்டிருக்கிறேன்.

ஆனால் கைப்பழக்கத்தை ஓரளவுக்குத்தான் நம்பலாம், களைத்த கை எல்லாவற்றையும் மறக்கும். 2017 பிப்ரவரி 28 அன்று அமேசானின் எஸ்3 என்ற கோப்புச் சேமிப்புச் சேவை நாலு மணி நேரம் போல முடங்கியதற்குக் காரணம் ஒரு கட்டளையில் தவறாகத் தட்டப்பட்ட உள்ளீடு, எடுக்க நினைத்ததைவிட நிறைய சர்வர்களை அது எடுத்துவிட்டது. அதற்குப் பிறகு அவர்கள் அந்தக் கருவியையே மாற்றினார்கள், மெதுவாக மட்டுமே எடுக்கும், குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போகவே போகாது. இதுதான் எனக்குப் பிடித்தது. ஆளைப் பார்த்து "இனி கவனமா இரு" என்று சொல்வதை நான் தீர்வாகவே கணக்கில் எடுப்பதில்லை, கவனமாக இல்லாமல் இருக்க யாரும் நினைத்து வருவதில்லை. எங்கள் இடத்திலும் கடைசியில் எல்லோருடைய எழுதும் அனுமதியையும் எடுத்துவிட்டார்கள். இன்னொருவர் பார்த்துச் சரி சொன்னால்தான் ஓடும். முதல் மாதம் எரிச்சலாக இருந்தது. (அந்த எஸ்3 கோளாறில் ஒரு வேடிக்கை: சேவை நிலவரம் காட்டும் அவர்களுடைய பக்கத்தையும் புதுப்பிக்க முடியவில்லை, அதுவும் எஸ்3-ஐ நம்பி இருந்தது.)

பேக்கப்புக்கு எங்கள் இடத்தில் இப்போது இரண்டு விதிகள்தான். ஒன்று, தோற்றால் மெயில் என்பதை விட்டுவிட்டோம். ஜெயித்தால் ஒரு சிக்னல் அனுப்பும், அந்தச் சிக்னல் காலை 6 மணிக்குள் வராவிட்டால் வேறொரு அமைப்பு யாரையாவது எழுப்பும். செத்துப்போன ஸ்கிரிப்டால் "நான் செத்துவிட்டேன்" என்று சொல்ல முடியாது. இரண்டாவது, மாதம் ஒரு தடவை அந்தக் கோப்பைக் காலி சர்வர் ஒன்றில் ஏற்றி, உள்ளே போய்ப் பதிவுகளை எண்ணிப் பார்ப்பது. முதல் தடவை ஏற்ற ஆறு மணி நேரம் ஆனது, மேலதிகாரிகளிடம் நாங்கள் சொல்லிவந்தது ஒரு மணி நேரம்.

இதெல்லாம் எழுதிவிட்டு எல்லாமே ஆள் பார்க்காமல்தான் போகிறது என்று சொன்னால் அது சரியில்லை. 2024 மார்ச்சில் ஆண்ட்ரெஸ் ஃப்ராயண்ட் என்ற, போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸுக்கு நிரல் எழுதுபவர், தொலைவிலிருந்து சர்வருக்குள் போகும் எஸ்எஸ்ஹெச் உள்நுழைவு அரை விநாடி கூடுதலாக எடுக்கிறதே என்று தோண்டிப் பார்த்துத்தான் எக்ஸ்இசட் என்ற, கோப்புகளைச் சுருக்கும் நிரல் நூலகத்துக்குள் யாரோ வைத்திருந்த கள்ளக்கதவைக் கண்டுபிடித்தார். அது மட்டும் தெரியாமல் போயிருந்தால் லினக்ஸ் சர்வர்கள் எத்தனை திறந்து கிடந்திருக்கும் என்று நினைத்தாலே பயமாக இருக்கிறது. அரை விநாடி. நான் ஐந்து விநாடி சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தவன்.

இப்போது ஏஐ எழுதும் நிரலைப் படிப்பதுதான் எனக்கு அதிக வேலை, எழுதுவது குறைந்துவிட்டது. வேகம் உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அது வேலை முடிந்தது என்று சொல்லும் தொனி எனக்கு அந்த 20 பைட் கோப்புகளை நினைவூட்டுகிறது, தேதி சரியாக இருக்கும், பெயர் சரியாக இருக்கும். பக்கத்தில் இருப்பவருக்கு விளக்கிச் சொல்ல முடியாத வரியை நான் சேர்ப்பதில்லை, அவ்வளவுதான் என் விதி. பிழை வந்தால் பிடித்து விழுங்கிவிட்டு அமைதியாகப் போகும் நிரலை அது அடிக்கடி எழுதுகிறது, அதை மட்டும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்ப்பேன்.

போன வாரம் டீமுக்குப் புதிதாக வந்த பெண் ஒருத்தி தயங்கித் தயங்கி என் மேசைக்கு வந்தாள். "ஒரு சின்ன சந்தேகம். சான்றிதழ் காலாவதி ஆகப்போகுதுன்னு ஒரு ஸ்கிரிப்ட் தினமும் மெயில் அனுப்புது, அது யாருக்குப் போகுதுன்னு தெரியல" என்றாள். எழுந்து போய் அவள் திரையில் பார்த்தேன். என் பெயர் இருந்தது. என் இடத்துக்கு வந்து தேடினேன். தொல்லையாக இருக்கிறது என்று எப்போதோ நானே ஒரு ஃபில்டர் போட்டு ஒரு ஃபோல்டருக்குத் தள்ளிவிட்டிருக்கிறேன். உள்ளே 46 மெயில்கள், எல்லாம் தடித்த எழுத்தில். கடைசியாக வந்ததைத் திறந்தேன், இன்னும் நாலு நாள் இருந்தது.